பேக்கப் அண்ணா

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். பதவி, டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். டீமில் எல்லோருக்கும் பேக்கப் அண்ணா. மதியச் சாப்பாட்டோடு மோர்மிளகாய் இரண்டு கூடுதலாகக் கொண்டுவருவார். "எதுக்கும் இருக்கட்டும்." யாருக்கும் தரமாட்டார், தானும் தின்னமாட்டார். சாயங்காலம் அது வீட்டுக்குத் திரும்பும். மறுநாளும் வரும், அதே மிளகாய்.

அவருடைய ராஜ்ஜியம் ஐபிஎம்மின் டிபி2 டேட்டாபேஸ். பழைய பேக்கப்புகளை எத்தனை வைத்துக்கொள்வது, அவற்றின் வரலாற்றை எத்தனை நாள் சுமப்பது என்று அதில் தனித்தனியே செட்டிங் உண்டு. நாம் எதையும் தொடாவிட்டால் 12 பேக்கப், 366 நாள். "லீப் வருஷத்தைக்கூட யோசிச்சு வெச்சிருக்கான் பாரு தம்பி!" என்று ஐபிஎம்மை மெச்சுவார். மெச்சிய கையோடு இரண்டையும் மாற்றிவிடுவார். 12 இருந்த இடத்தில் 32767. அதற்குமேல் டிபி2 ஏற்காது, அதனால் அவரும் பெருந்தன்மையோடு நிறுத்திக்கொண்டார். தினம் ஒரு பேக்கப் என்று வைத்தாலும் அந்தக் கணக்கு நிரம்ப ஏறக்குறைய 90 வருஷம் ஆகும். நாள் கணக்கில் மைனஸ் 1. நாளைப் பார்த்து எதையும் தள்ளாதே என்று அர்த்தம்.

விவரம் தெரியாதவர் அல்ல. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவர் பாடம் எடுக்கும் அழகே தனி. 12-க்கு மேல் போன பழைய பேக்கப்புக்குக் காலாவதி முத்திரை விழும், 366 நாளும் கடந்தால் வரலாற்றிலிருந்து பேர் போகும் என்பார். பேர்தான் போகும், வட்டிலிருக்கும் கோப்பு போகாது. அதையும் சேர்த்து அழிக்க இன்னொரு செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும், ஐபிஎம் அதை ஆஃப் செய்தே அனுப்புகிறது. ரேஷன் கார்டில் பேரை அடித்தாகிவிட்டது, ஆள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற கதைதான். ஒரு பையன் நல்லெண்ணத்தில் அதை ஆன் செய்துவிட்டான். அன்று அண்ணா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, ஹெச்ஆர் பெண் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்டா?" இது அவருடைய மூல மந்திரம். ஆடிட்டர் வந்தார். ஒரு மாதத்துப் பேக்கப்பைக் கேட்டார். அண்ணா வரலாற்றைத் திறந்தார். அது பல வருஷமாகக் கழிக்கப்படாமல் ஊதிப்போயிருந்ததால், பட்டியல் வந்து முடிவதற்குள் ஆடிட்டர் இரண்டு காபி குடித்துவிட்டார். "பரவாயில்ல சார், இருக்குன்னு நீங்க சொன்னா போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அண்ணாவின் வாழ்க்கையில் அது பொன்னாள்.

புரோகிராமர்கள் கோடு போட்டுவைக்கும் கிட்லாப் தளத்தின் கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். 2017 ஜனவரி 31. ராத்திரி நேரத்தில் ஒரு எஞ்சினியர் தப்பான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5. சரி, பேக்கப் இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பேக்கப் தோற்றுக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகல் காப்பாற்றியது. இந்த இடத்தில் அண்ணா கொஞ்சம் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"இதிலேருந்து என்ன தெரியுது?"

"அப்பப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கணும்ணா."

"தப்பு. ஆறாவதா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கணும்."

ஒருமுறை அந்தப் பையனே, ஆட்டோ டிலீட்டை ஆன் செய்தவன், விடாமல் கேட்டான்: "நம்ம பேக்கப்ல ஒண்ணையாவது ரீஸ்டோர் பண்ணிப் பார்த்திருக்கீங்களாண்ணா?"

அண்ணாவுக்குக் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் பார்த்தார்.

"அதுக்குத் தனியா இடம் வேணுமே தம்பி. எங்க இருக்கு? எல்லாத்துலயும் பேக்கப் இருக்கே!"