ஆஃபர் அக்கா

மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறும் கூட்டத்தில் ஆஃபர் அக்காவைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டாம், இடது கையைப் பார்த்தால் போதும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏழெட்டுக் கோடுகள். செங்கல் நிறத்தில் ஒன்று, நாவற்பழ நிறத்தில் ஒன்று, வாடிய ரோஜா, மாதுளை, காப்பிப்பொடி என்று வரிசையாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள், "அடிபட்டுடுச்சாக்கா?" என்று பதறி எழுந்து இடம் கொடுப்பார்கள். அக்கா வசதியாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் விஷயத்தைச் சொல்வார். "அடியெல்லாம் இல்லம்மா. லிப்ஸ்டிக். பாண்டி பஜார்ல டெஸ்டர் வெச்சிருந்தாங்க."

இவருக்குத் தனியாகப் பெயர் வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒருவர் உண்டு, ஒவ்வொரு மகளிர் விடுதியிலும் ஒருவர் உண்டு, அலுவலகங்களின் கணக்குப் பிரிவில் கட்டாயம் உண்டு. நம் அக்கா கணக்குப் பிரிவு. வயது நாற்பதை ஒட்டி. வீடு நங்கநல்லூர். வீட்டில் கணவர், ஏழாவது படிக்கும் மகன், மாமியார், நூற்றுச்சொச்சம் லிப்ஸ்டிக்.

எண்ணிக்கையை வைத்து ஆடம்பரக்காரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முழு விலை கொடுத்து எதையும் வாங்கியதில்லை என்பதுதான் அக்காவின் வாழ்நாள் பெருமை. அவருடைய அம்மா ஆடித் தள்ளுபடியில் ரங்கநாதன் தெருவுக்குப் போய், பொங்கல்வரை தாங்கும் ஜாக்கெட் துணியோடு திரும்பியவர். அதே ரத்தம்தான். அம்மாவுக்கு வருடத்துக்கு ஒரே ஆடி. மகளுக்கு மாதத்துக்கு மூன்று ஆடி. ஃப்ளிப்கார்ட் 2014இல் பிக் பில்லியன் டேஸைத் தொடங்கியபோது எந்த நிமிடத்தில் எந்தக் கண்மை தீர்ந்துபோனது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. நைகாவின் பிங்க் ஃப்ரைடே நவம்பரில் வரும் என்பதால் தீபாவளி போனஸில் பாதியைத் தொடாமல் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை என்பதில் அவருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு.

"லக்மேன்னா என்ன தெரியுமா அத்தை? லட்சுமி. பிரெஞ்சுக்காரங்க அப்படித்தான் சொல்வாங்க."

பொய்யில்லை. 1883இல் பாரிஸில் அரங்கேறிய இசை நாடகம் ஒன்றின் பெயர் லக்மே. கதை இந்தியாவில் நடக்கிறது, கதாநாயகி ஒரு பூசாரியின் மகள். 1952இல் டாடா குழுமம் இந்தியப் பெண்களுக்கென்று ஒப்பனைப் பொருள் தயாரிக்க இறங்கியபோது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் கூரியர்காரர் வந்து நின்றால், "மகாலட்சுமி வந்திருக்கா அத்தை" என்பார் அக்கா. வாசலுக்கு வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பு என்று எந்த மாமியார் சொல்வார்?

வாங்குகிற முறைதான் பார்க்கத் தக்கது. இரவு பன்னிரண்டுக்கு விற்பனை திறக்கும். அக்கா பதினொன்றே முக்காலுக்குக் கூடையை நிரப்பி, ஓடிபி வரும் கைப்பேசியை இடது பக்கமும் கால்குலேட்டரை வலது பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விலையை அவர் பார்ப்பதே இல்லை, கிராம் கணக்கைத்தான் பார்ப்பார். குச்சி லிப்ஸ்டிக் ஒன்றில் பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நாலு கிராம்வரை இருக்கும். 199 ரூபாய்க்கு நாலு கிராம் என்றால் கிராம் ஐம்பது ரூபாய். அதாவது கிலோ ஐம்பதாயிரம். இந்தக் கணக்கை ஒருநாள் சத்தமாகப் போட்டுவிட்டார். அதிலிருந்து கணவர் முந்திரி விலையைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திவிட்டார்.

இவ்வளவு கெட்டிக்காரரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அது டெலிவரிக் கட்டணம். 149 ரூபாய்க் கண்மைக்கு 70 ரூபாய் கேட்டால் அக்காவுக்குப் பொறுக்காது. அந்த எழுபதை மிச்சம் பிடிக்க 310 ரூபாய்க்கு ஒரு ஐ ஷேடோ டப்பாவைக் கூடையில் சேர்ப்பார். அதில் பன்னிரண்டு நிறம். பழுப்பு இரண்டும் தீர்ந்துபோகும். மயில்நீலமும் கிளிப்பச்சையும் வாங்கிய அன்று இருந்த அழுத்திய முத்திரையோடு அப்படியே, ஆண்டு விழாவில் மகனுக்கு ராட்சத வேஷம் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கும்.

அந்தக் கண்மையிலும் அவருக்கு ஒரு மனத்தாங்கல். டப்பாவில் வரும் கண்மைக்கு ஜிஎஸ்டி கிடையாது. குங்குமம், பொட்டு, செம்பஞ்சுக் குழம்பு ஆகியவற்றோடு அதுவும் வரியில்லாப் பட்டியலில் இருக்கிறது. அதே கண்மையைப் பென்சில் குச்சியாகத் திரட்டிவிட்டால் 18 சதவீதம். "மையை விரல்ல எடுத்தா சும்மா, குச்சியில எடுத்தா வரி. என்ன நியாயம் இது?" என்று அலுவலகத்தில் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முகப் பவுடருக்கு வரி 18லிருந்து 5 ஆனபோது கணக்குப் பிரிவில் ஜாங்கிரி வழங்கியவர் அக்கா.

இனி பிரஷ் விவகாரத்துக்கு வர வேண்டும். இருபத்துநாலு பிரஷ், கறுப்பு ரெக்சின் உறையோடு, 349 ரூபாய்க்கு வந்தது. உறையைத் திறந்ததும் பெயின்டும் பசையும் கலந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. "புது ஸ்கூட்டர் வாசனை" என்றார் கணவர். இருபத்துநாலில் எது எதற்கு என்று அந்தப் பெட்டியில் எங்கும் போட்டிருக்கவில்லை. பெரியது பவுடருக்கு, சாய்வாக வெட்டியது கன்னத்துக்கு, பட்டையானது ஃபவுண்டேஷனுக்கு, சின்னது கண்ணிமைக்கு என்று ஒரு பத்துக்குத் தேறியது. மிச்சம் பதினாலுக்கு வீட்டில் அவரவர் வேலை கண்டுபிடித்தார்கள்.

விசிறி மாதிரி விரிந்த பிரஷ், கன்னத்தில் சிந்திய பவுடரைத் தட்டிவிடுவதற்கு. இப்போது அது கணவரின் லேப்டாப் விசைப்பலகையில் தூசி தட்டுகிறது. புருவம் சீவும் சுருள் பிரஷ், மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் சிக்கும் தேங்காய்த் துருவலை எடுக்கிறது. அதற்கென்றே செய்ததுபோல் பொருந்திவிட்டது. உதட்டுப் பிரஷ்ஷை மகன் ஓவிய வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டான். குட்டைப் பிடியும் அடர்த்தியான முடியும் கொண்ட கபுக்கி பிரஷ், முகத்தில் ஒருமுறைகூடப் படாத சுத்தத்தோடு, மாமியார் கையில் சாமி படங்களைத் துடைக்கிறது. 349 ரூபாய்க்கு இத்தனை பேருக்கு வேலை கொடுத்த திட்டம் வேறெதுவும் இருக்குமா என்பது அக்காவின் கேள்வி.

மலிவுப் பிரஷ்ஷின் குணம் முதல் குளியலில்தான் தெரியும். தண்ணீர் அந்த அலுமினியப் பூணுக்குள் புகுந்தால் உள்ளே இருக்கும் பசை இளகி, முதலில் முடி உதிரும், பிறகு பூணே கழன்று வரும். அதனால் குழந்தைகள் ஷாம்பூவில் நுனியை மட்டும் அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக் கொடியில் பத்துப் பிரஷ்கள் துணிக் கிளிப்பில் வௌவால் கணக்காகத் தொங்கும். கிளிப் இல்லாத துண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துபோகும். கழன்ற பூண்களை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டுவது கணவரின் பொறுப்பு. ஒட்டிக்கொண்டே ஒருநாள், "இந்தக் குச்சிக்குப் போய் இவ்வளவு பாடா?" என்று கேட்டுவிட்டார்.

அக்கா ஜப்பானிலிருந்து ஆரம்பித்தார். ஹிரோஷிமா பக்கம் குமானோ என்று ஒரு சிற்றூர். தலைமுறை தலைமுறையாக எழுத்துக்கலைத் தூரிகை செய்தவர்கள், அதே கைப்பழக்கத்தில் முகப் பிரஷ்ஷும் செய்கிறார்கள். முடியின் நுனியைக் கத்தரியால் வெட்டிச் சீராக்குவதில்லை. இயற்கையான மெல்லிய நுனியை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் ஏற்றியும் இறக்கியும் வடிவம் கொண்டுவருவார்கள். 2011இல் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை ஜப்பான் வென்றபோது, அரசாங்கமே அந்த வீராங்கனைகளுக்குக் குமானோ பிரஷ் கொடுத்துக் கௌரவித்தது. "உலகக் கோப்பை ஜெயிச்சவங்களுக்குக் கொடுத்த சாமான் இது. குச்சியாம்!" கணவர் அடுத்த பூணை எடுத்தார்.

முட்டை வடிவ ஸ்பாஞ்ச் வந்த கதை சின்னது. கலிஃபோர்னியாவில் ரியா ஆன் சில்வா என்ற ஒப்பனைக் கலைஞர் 2003இல் கொண்டுவந்த பண்டம், அங்கே இருபது டாலர். அதன் தூரத்து உறவு இங்கே 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் நனைத்தால் ஊதிப் பெரிதாகும். கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்ததை மாமியார் பார்த்துவிட்டு, "ஏம்மா, நம்ம வீட்ல முட்டையா?" என்றார். அந்த முட்டையைப் பற்றி நாலு நாள் வீட்டில் ஆராய்ச்சி நடந்தது.

அந்த மாமியாரிடம் அக்கா சொல்லாமல் மறைத்த ஒன்று உண்டு. சிவப்பு லிப்ஸ்டிக் சிலவற்றின் பெட்டியில் பொடி எழுத்தில் சி.ஐ. 75470 என்று இருக்கும். அது கார்மைன், சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுக்கும் சிவப்பு. மாமியார் உறவினர் கல்யாணங்களுக்குப் போகும்போது, "லேசா ஒரு இழுப்பு" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது அதில் ஒன்றைத்தான்.

எல்லாவற்றையும் இப்படிக் கண்ணாடி போட்டுப் படிப்பதால் அக்காவை ஏமாற்றுவது கடினம். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி மாதம் மூன்றும் இல்லாவிட்டால் தொட மாட்டார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் முதலில் தேதியைப் பார்ப்பார். மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6எம் என்று இருந்தால் திறந்த ஆறு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம். ஆவக்காய் ஜாடியில் தேதி ஒட்டும் அம்மாவின் மகள் அல்லவா, மஸ்காராவிலும் தேதி ஒட்டியிருக்கும். தூக்கித்தான் போட மாட்டார்.

நிற விஷயத்தில் மட்டும் அக்காவின் பக்கம் நின்றே ஆக வேண்டும். மலிவு ஃபவுண்டேஷன் என்றால் ஐந்தாறு நிறத்தில் முடித்துவிடுகிறார்கள், அதில் நாலு கோதுமைக்கு மேலே. ரிஹானாவின் ஃபென்டி 2017இல் நாற்பது நிறங்களோடு வந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. நம் ஊர்த் தெருவில் ஒரு நிமிடம் நின்று பார்த்தாலே நாற்பது தேறும். நியூட் என்று எழுதிய லிப்ஸ்டிக்கை அக்கா போட்டால் உதட்டில் விபூதி பூசினதுபோல் இருக்கும். யாருடைய தோல் நிறத்தை இவர்கள் நியூட் என்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டு ஃபவுண்டேஷனை வாங்கி, ஒன்றுக்கு ஒன்றரை என்று கரண்டிக் கணக்கில் கலந்து, தாடையோரம் தடவி, வெயிலில் கால்மணி நேரம் நின்று, கறுக்கிறதா என்று பார்த்த பிறகு கண்ணாடி முன்னால் உட்காருகிறார். மாவு கரைக்கும் பக்குவம்தான்.

ஒரே ஒருமுறை அந்தப் பக்குவம் தப்பியது. நாத்தனார் மகள் கல்யாண வரவேற்பு. எச்டி பவுடர் என்று வெள்ளை வெளேரென்று ஒன்று, 60 சதவீதத் தள்ளுபடி. கண்ணாடியில் பார்த்தால் முகம் வெல்வெட் போல இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஆல்பம் வந்தது. பவுடரில் இருக்கும் சிலிக்கா சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளாஷ் பட்டால் அத்தனை ஒளியையும் கேமராவுக்கே திருப்பி அனுப்பிவிடும். குரூப் போட்டோவில் இரண்டாம் வரிசையில், மூக்கிலும் கண்ணுக்குக் கீழும் கோலமாவு சிந்தியது மாதிரி ஒரு உருவம். மாமியார் ஆல்பத்தை நீட்டி, "இது யாரும்மா?" என்றார்.

அக்கா அசரவில்லை. 2014இல் நியூயார்க் திரையிடல் ஒன்றில் ஏஞ்சலினா ஜோலியின் முகத்தில் இதே வெள்ளை, இதே இடத்தில். அந்தப் படத்தைத் தேடி எடுத்து வீட்டு வாட்சாப் குழுவில் போட்டார். "அவங்க முழு விலைக்கு வாங்கியிருப்பாங்க" என்று கீழே ஒரு வரி.

மாமியாரும் விடவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் மஞ்சளோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று ஆரம்பித்தார். அக்கா சிலப்பதிகாரத்துக்குப் போய்விட்டார். கடலாடு காதையில் மாதவி குளித்த தண்ணீரில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்று மணப் பொருள்கள் ஊறியிருந்தன. கணக்குப் பிரிவு கூட்டிச் சொன்னது: "மொத்தம் நாப்பத்தேழு அத்தை. குளிக்க மட்டும். கொரியாக்காரி முகத்துக்குப் பத்துப் பூச்சோட நிறுத்திக்கறா."

போன வாரம் மாம்பலத்தில் ஏறியபோது இடது கை நிறைந்து வலது கைக்கும் கோடு ஏறியிருந்தது. பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி. வண்டி சைதாப்பேட்டையில் நின்றது. "இந்தச் சிவப்பு நல்லா இருக்குக்கா" என்றாள் அவள். இதே சைதாப்பேட்டையில்தான், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார், அந்தக் கொச்சினீல் பூச்சியை வளர்த்து மெக்சிகோவை வைத்திருந்த ஸ்பெயின்காரர்களின் வியாபாரத்தைப் பிடிக்கலாம் என்று. கடல் கடந்து வந்து சேர்ந்ததோ மட்டமான சாயம் தரும் வேறு ஜாதிப் பூச்சி. அக்காவுக்கு இது தெரியும், சொல்லியும் காட்டினார். "கம்பெனிக்காரனுக்கே ஃபர்ஸ்ட் காப்பி தள்ளிவிட்டிருக்காங்கம்மா. பேட்ச் நம்பர் பார்த்திருக்க மாட்டான்."

கிண்டியில் கிளிப், ஊக்கு, கண்மை விற்கும் அம்மா ஏறினார். "கண்மை பத்து ரூபா, பத்து ரூபா." அக்கா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரிம எண் இல்லை, தேதி இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. பதமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"கிளிப் எப்படிம்மா?"

"டஜன் இருபது."

ஞாயிற்றுக்கிழமைக் கொடி அக்கா கண்முன் வந்திருக்க வேண்டும். இறங்க வேண்டிய பழவந்தாங்கலுக்கு இன்னும் ஒரு ஸ்டேஷன்தான் பாக்கி.

"ரெண்டு டஜனா எடுத்தா?"