அறுபது பாகம் ஏற்றம்

ஊரூர் குப்பத்தில் பிறந்தவனுக்குத் திசை தெரிய காம்பஸ் வேண்டாம். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. வடக்கே அடையாற்று முகத்துவாரம், தெற்கே எலியட்ஸ் பீச், மேற்கே பெசன்ட் நகரும் அதன் வீட்டு வாடகையும். இந்த வரைபடத்தைத் தலையிலும் ஒரு பையை முதுகிலும் சுமந்துகொண்டு லிஸ்பனில் போய் இறங்கினேன். அங்கே தண்ணீர் தெற்கே கிடக்கிறது. அதுவும் கடல் இல்லை, தேஜோ ஆறு. கடல் வேண்டுமென்றால் மேற்கே போகணுமாம்.

ஆயுசு முழுக்கக் கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் கழித்த பெரியப்பாவுக்கு வீடியோ காலில் ஊரைச் சுற்றிக் காட்டினேன்.

"சூரியன் எங்கேர்ந்துடா முளைக்குது?"

"மேட்டுக்குப் பின்னாடியிலேர்ந்து, பெரிப்பா."

"ஐயோ பாவம்" என்றார். எனக்கா, ஊருக்கா என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

லிஸ்பனுக்கு ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர். அதில் ஒன்றின் தலையில் சான் ஜோர்ஜ் கோட்டை. நான் தங்கிய இடத்திலிருந்து ரொம்பப் பக்கம் என்று செல்போன் சொன்னது. அது தூரத்தைப் படுக்கப் போட்டு அளக்கிறது; ஊரோ அதையே நிமிர்த்தி வைத்திருக்கிறது. அல்ஃபாமா பேட்டையில் தெரு பாட்டுக்குத் தெருவாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று படிக்கட்டாகிவிடும். ஏறித் திரும்பினால் அடுத்த படிக்கட்டு. அதில் ஒரு பாட்டி, இரண்டு கையிலும் காய்கறிப் பை, முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை, "போம் தியா" என்று எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஏறிப் போகிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கோட்டைக் குன்று 100 மீட்டருக்கு மேல். எங்கள் பக்கம் ஆழத்துக்குத்தான் அளவு உண்டு, உயரத்துக்குக் கிடையாது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கணக்குப் போட்டேன், ஏறக்குறைய 60 பாகம் வந்தது. அத்தனை பாகத் தண்ணீர் என்றால் கரை கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு தூரம் போகிறவர்கள்கூட எஞ்சின் வைத்துக்கொண்டுதான் போவார்கள்.

நடைபாதை வேறு. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லைக் கைக்கடக்கமாக உடைத்து, கோலம் போட்ட மாதிரி பதித்திருக்கிறார்கள். பல தலைமுறைச் செருப்புகள் தேய்த்து அது பளபளவென்று கிடக்கிறது. மணலில் பழகிய கால் விரலைப் புதைத்துத்தான் நடக்கும். கல்லில் எங்கே புதைப்பது? இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினேன்.

ஊர்க்காரர்களே அலுத்துப்போய்தான் 1902-ல் கீழ்த்தெருவிலிருந்து மேல்தெருவுக்குப் போக 45 மீட்டர் உயரத்தில் சாந்தா ஜுஸ்தா என்ற இரும்பு லிஃப்டைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் என் முழங்கால் தானாகவே சமாதானத்துக்கு வந்தது.

பாதி வழியில் தெரிந்த வாசனை. எட்டிப் பார்த்தால், உப்பில் போட்டுக் காயவைத்த காட் மீன், பலகை பலகையாக அடுக்கியிருந்தது. பக்கலாவ் என்கிறார்கள். எங்கள் பெரியம்மா கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகும். இங்கே அதே சரக்கை நார்வேயிலிருந்து காசு கொடுத்து வரவழைத்து, கிறிஸ்துமஸ் விருந்தில் நடுநாயகமாக வைக்கிறார்கள்.

கோட்டை மதிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டபோதுதான் நம்மூர்ச் சரித்திரம் ஒன்று விளங்கியது. சாந்தோமில் குடியேறிய போர்த்துகீசியர்கள், 1523-ல் சுமார் 300 அடி உயரப் பரங்கிமலை உச்சியில் தேவாலயம் கட்டினார்கள். புனித தோமையார் அங்கே உயிர்நீத்தார் என்ற நம்பிக்கைதான் காரணம் என்கிறது வரலாறு. என் கெண்டைக்கால் அப்படிச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ஏறியே பழகியவர்களைக் கொண்டுவந்து பலகை மாதிரி இருக்கிற ஊரில் விட்டால் கால் சும்மா இருக்குமா? 1551-ல் சின்னமலையையும் விட்டுவைக்கவில்லையே!