செகண்ட் இயர் அண்ணன்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஃபர்ஸ்ட் இயர். பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்கிறவர்கள் தேர்ட் இயர். அவர்களுக்குப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நின்றபடி, "தம்பி, இந்தக் காலேஜப் பத்தி ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க" என்று ஆரம்பிக்கிறான் பாருங்கள், அவன்தான் நம்ம ஆள். சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே கேட்டில் என்னை நிறுத்தி, "சார், பி.ஏ. எக்கனாமிக்ஸ் எந்த பில்டிங்?" என்று கேட்டவன். இன்று இருபது பேருக்கு அண்ணன்.

நான் தமிழ் வாத்தியார். கலைக் கல்லூரியில் தமிழ் வாத்தியாருக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தத் துறைப் பிள்ளையாக இருந்தாலும் பகுதி ஒன்றுக்கு நம்மிடம் வந்துதான் தீர வேண்டும். பெரும்பாலான பாடப்பிரிவுகளில் அது நான்கு செமஸ்டர். அதற்குப் பிறகு வராந்தாவில் ஒரு வணக்கத்தோடு சரி. அதனால் நான் முழுசாகப் பார்க்கிற கடைசி அவதாரம் இந்த செகண்ட் இயர்தான்.

ஃபர்ஸ்ட் இயர் மேல் எல்லோருக்கும் கவனம் இருக்கும். அப்பா பஸ் ஏற்றி விடுவார், அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாள், துறைத்தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தேர்ட் இயருக்குப் புராஜெக்ட், பிளேஸ்மென்ட், "அடுத்து என்ன?" என்ற ஊர்க் கேள்வி. நடுவில் இருப்பவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் கவனித்திருக்கிறேன். "என்னப்பா, எந்த வருஷம்?" என்பார் மாமா. "செகண்ட் இயர் மாமா." "ஓஹோ" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்கப் போய்விடுவார். அதற்கு மேல் கேட்க அவருக்கும் ஒன்றுமில்லை, சொல்ல இவனுக்கும் ஒன்றுமில்லை. ஆரம்பித்தவனும் இல்லை, முடிக்கப்போகிறவனும் இல்லை.

யாரும் கேட்காத இந்த ஒரு வருஷத்தை வீணாக்கிவிடக் கூடாது என்று அவனுக்கு ஒரு வெறி. அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது.

முதலில் அறிவுரை. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997லேயே சட்டம் வந்துவிட்டது. அட்மிஷனின்போதே உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஆகவே நம்ம ஆள் யாரையும் மிரட்டுவதில்லை, பாட்டுப் பாடச் சொல்வதில்லை. உட்கார வைத்து வழிகாட்டுகிறான். இரண்டில் எது கொடுமை என்று ஃபர்ஸ்ட் இயரைத்தான் கேட்க வேண்டும்.

வழிகாட்டுதலில் பெரும்பகுதி கணக்கு. "இன்டர்னல் இருபத்தஞ்சு, எக்ஸ்டர்னல் எழுபத்தஞ்சு. எக்ஸ்டர்னல்ல முப்பது வாங்கிட்டு, இன்டர்னல்ல பத்து இருந்தாப் போதும், நாப்பது. பாஸ்! மிச்ச அறுபது யாருக்குடா வேணும்?" அடுத்தது வருகைப்பதிவு. "செமஸ்டருக்கு 90 நாள். 75 பர்சன்ட்னா 68 நாள். அப்ப 22 நாள் நம்மளுது. இன்னும் வேணும்னா 65 பர்சன்ட் வரைக்கும் கண்டனேஷன் ஃபீஸ் கட்டலாம், 59 நாள் போதும். ஆனா அது தண்டச் செலவு, வேண்டாம்." 90இல் 75 விழுக்காடு 67½ வரும், அதை 68ஆக ஏற்ற வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவையும் தாளில்லாமல் சொல்கிறவனுக்குப் புள்ளியியல் பேப்பரில் அரியர். நான் கேட்டேன். "அது வேற கணக்கு சார்" என்றான்.

அந்த 22 நாளை அவன் செலவழிக்கும் விதம் தனி அழகு. ஒரு சிக்கனக்காரக் குடும்பத் தலைவி சர்க்கரை டப்பாவைத் திறப்பதைப் போல. திங்கள் காலை முதல் ஹவருக்குப் போக மாட்டான். சினிமா ரிலீஸுக்கு ஒன்று, நண்பனின் அக்கா கல்யாணத்துக்கு இரண்டு, மழை வந்தால் ஒன்று. ஃபோன் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறான். பாடத்தில் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் என்று சொல்ல வாயெடுப்பேன், வாத்தியார் புத்தி. அடக்கிக்கொள்வேன்.

பிறகு சான்றிதழ். நான் முதல்வன் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து திறன் வளர்க்கிற பேச்சுக்குக் கல்லூரியில் பஞ்சமில்லை. நம்ம ஆள் அதோடு நிற்கவில்லை. என்.பி.டி.இ.எல். தளத்திலும் ஒரே ராத்திரியில் ஐந்து பாடத்துக்குப் பதிவு செய்துவிட்டான். சேர்வது இலவசம் என்றால் தமிழன் சும்மா இருப்பானா? பைத்தான், டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஜெர்மன் மொழி, பங்குச் சந்தை. ஐந்தாவது என்ன என்று அவனுக்கே நினைவில்லை. முதல் வார அசைன்மென்டை ஜோராகப் போட்டான். இரண்டாம் வாரம் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டினான். மூன்றாம் வாரம் என்னிடம் வந்து, "சார், இங்கயும் அசைன்மென்டுக்கு இருபத்தஞ்சு, பரீட்சைக்கு எழுபத்தஞ்சுதானாம். பரீட்சைக்கு ஆயிரம் ரூபா ஃபீஸ் வேற" என்றான். ஏமாற்றப்பட்டவன் குரல். வேறு கிரகத்துக்குப் போயும் அங்கேயும் அதே ஹெட்மாஸ்டர் நின்றால் எப்படி இருக்கும்? ஐந்தும் அன்றோடு சமாதி. பயோடேட்டாவில் மட்டும் 'பயின்றுகொண்டிருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் உயிரோடு இருக்கின்றன.

இதே வகுப்பில் ஜன்னலோரம் ஒரு பெண் இருக்கிறாள். அவள் யாருக்கும் அறிவுரை சொல்லிப் பார்த்ததில்லை. இரண்டு மணிக்குக் கல்லூரி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவாள். ஆகஸ்டில் இங்கிலீஷ் லோயர், அதாவது நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை. பிப்ரவரியில் ஹையர், நாற்பத்தைந்து வார்த்தை. தமிழும் பக்கத்திலேயே ஓடுகிறது. குரூப் 4இல் டைப்பிஸ்ட் வேலைக்கு அந்தத் தாள் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் வருகிற ஆயிரத்தில் இன்ஸ்டிட்யூட் ஃபீஸ் போய்விடுகிறது. அவளைப் பற்றி நகைச்சுவையாக எழுத ஒன்றும் கிடைக்கவில்லை; மேலே போவோம்.

நம்ம ஆளைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். ஒரு இடத்தில் வாயை மூட வேண்டியிருக்கிறது. அது என்.எஸ்.எஸ். கேம்ப்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், நடுவில் ஏழு நாள் கிராமத்து முகாம். டி-ஷர்ட் கிடைக்கும், ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) கிடைக்கும் என்றுதான் சேர்ந்தான். அதில் ஒளிவு மறைவு இல்லை. நான்காம் செமஸ்டரில் முகாம் வந்தபோது ஐம்பது பேருக்கு இவனே லீடர். சத்தமாகப் பேசுகிறவனைத் தலைவனாக்குவது நம் வழக்கம்தானே.

முதல் நாள் சாயங்காலம் தொடக்கப் பள்ளிக்கூடத்தில் தங்கிய ஐம்பது பேருக்கும் தண்ணீர் தீர்ந்துபோனது. திட்ட அலுவலர் ஊரில் இல்லை. கலெக்டர் ஆபீஸ் கூட்டம். நம்ம ஆள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனான். கிளார்க் நாளைக்கு வரச் சொன்னார். டீக்கடையில் இருபது பேரிடம் முழங்கிய வாய்க்கு அங்கே பேச்சு வரவில்லை என்று பிறகு அவனே சொன்னான். "திரும்பி வந்துரலாம்னு பார்த்தேன் சார். அங்க ஐம்பது பேர் உட்கார்ந்திருக்காங்களேன்னு வெளித் திண்ணைலயே உட்கார்ந்துட்டேன்." ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். கிளார்க் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, "இன்னுமா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, தொட்டி ஆபரேட்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். ஏழரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது.

மறுநாளிலிருந்து சீமைக்கருவேல் வெட்டினார்கள். ஐம்பது பேருக்கு உப்புமா கிண்ட ரவையை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டான். நான்காம் நாள் நான் போய்ப் பார்த்தபோது குரல் கட்டிப்போய், உள்ளங்கையில் துணி சுற்றி, ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "தம்பி, ஒண்ணு சொல்றேன்" என்ற ஆரம்பமே இல்லை. சான்றிதழில் 240 மணி நேரம் என்று அச்சடிப்பார்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தைத் தனியாக அச்சடிக்க வழியிருந்தால் நல்லது.

போன வாரம் எங்களுக்குக் கடைசித் தமிழ் வகுப்பு. மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேஜை பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், இனிமே தமிழ் கிடையாதா?"

"உனக்குப் பரீட்சை கிடையாது. தமிழ் இருக்கும்" என்றேன். வாத்தியார் புத்தி, என்ன செய்ய?

சிரித்தான். போகவில்லை. "சார், அட்டெண்டன்ஸ் லிஸ்ட் போட்டிருக்காங்க. எனக்கு 61னு வந்திருக்கு. நான் கரெக்டா 22 நாள்தான் சார் எடுத்தேன். ஃபோன்ல இருக்கு, பாருங்க."

இருந்தது. ஒரு நாள்கூடக் கூடுதல் இல்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து தேதி தேதியாகப் பார்த்தோம். குறைகிற ஏழும் ஒரே வாரத்தில் வந்தன. முகாம் வாரம்.

"கேம்ப் ஓ.டி. லெட்டர் டிபார்ட்மென்ட்ல குடுத்தியா?"

"குடுத்தேனே சார். லீடர்ங்கிறதால நான்தானே எல்லா டிபார்ட்மென்டுக்கும் போய்க் குடுத்தேன். நாப்பத்தொன்பது பேர்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். பையைத் திறந்தான். ஹெட்போன், பாதி தின்ற கடலை மிட்டாய், தமிழ்ப் புத்தகம். புத்தகத்துக்குள் நான்காக மடித்து, கையெழுத்தும் சீலுமாக ஐம்பதாவது கடிதம்.

எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினான். பட்டியல் அதற்குள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தது. கண்டனேஷன் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.