கோடு போட்ட சோபா

கார்டுராய் துணி போட்ட சோபா வாங்குவது பற்றி யாரோ ஒருவர் கேட்டதற்குப் போன இதழில் இரண்டு வரி எழுதியதுதான் குற்றம். தபால் பெட்டி முழுக்க கார்டுராய். எனவே இந்த இதழில் அரசியல், சினிமா, கிரிக்கெட் எல்லாம் ஓரமாக உட்காரட்டும். சோபா மட்டும் நடுவில்.

போனைத் திறந்தாலே கார்டுராய் சோபா விளம்பரம்தான் வருகிறது. பார்த்ததும் பிடித்துவிட்டது. வாங்கிவிடலாமா?
— கண்டதும் காதலர், காட்பாடி

விளம்பரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அந்த வீட்டில் ரிமோட் இல்லை, செய்தித்தாள் இல்லை, மடிக்காத துணி மூட்டை இல்லை, தாத்தாவும் இல்லை. யாருமே குடியிருக்காத வீட்டில் எந்த சோபாவும் அழகாகத்தான் இருக்கும்.

துணியைக் கடைசியில் பாருங்கள். உட்காரும் உயரமும் ஆழமும் என்ன, உள்ளே என்ன ஃபோம் என்பது முதல் கேள்வி. உறையைக் கழற்ற ஜிப் இருக்கிறதா என்பது இரண்டாவது. வாராவாரம் அதற்கு பிரஷ் போடப்போவது வீட்டில் யார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்விக்கு மட்டும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், பேசாமல் ரெக்ஸின் வாங்கிவிடுங்கள்.

கார்டுராய் என்றால் எங்கள் அப்பா காலேஜ் படிக்கும்போது போட்ட பேன்ட் துணிதானே?
— பெல்பாட்டம் பேரன், பெரம்பூர்

அதே குடும்பம்தான், ஆள் மட்டும் கொஞ்சம் பருமன். அடித்துணியின் மேல் கூடுதலாக ஊடை நூலை மிதக்கவிட்டு நெய்வார்கள். பிறகு மிதக்கும் நூலை நடுவில் வெட்டிவிடுவார்கள். வெட்டுப்பட்ட முனைகள் நிமிர்ந்து, வயல் வரப்பு மாதிரி வரிசையாக நிற்கும். தொழிலில் இந்த வரப்புக்கு 'வேல்' என்று பெயர். ஓர் அங்குலத்துக்கு எத்தனை வேல் என்பதுதான் கணக்கு. பேன்ட் துணியில் 11 வாக்கில் இருக்கும். சட்டைத் துணியில் 16க்கு மேலே போகும். சோபாவுக்குப் பெரும்பாலும் எட்டுக்குக் கீழே. எண் குறையக் குறைய வரப்பு தடிக்கும். தடித்தால் பார்வைக்குப் பகட்டு. பிஸ்கட் தூளுக்கும் விசாலமான இடம்.

இன்று சோபாவுக்கு வரும் பாலியஸ்டர் சரக்கில், நெய்யாமல் பின்னல் துணியில் வரப்பு எழுப்பியதும் உண்டு. கடையில் சாம்பிள் துணியை வாங்கி, ஓரத்தில் நகத்தால் நாலு தடவை சுரண்டிப் பாருங்கள். மயிர் கையோடு வந்தால் சோபா வீட்டுக்கு வர வேண்டாம்.

கார்டுராய் குளிர்நாட்டுச் சரக்கு இல்லையா? சென்னையில் கத்திரி வெயிலில் அதன்மேல் உட்கார முடியுமா?
— வியர்வை மன்னன், வியாசர்பாடி

உட்காரலாம். எழும்போது தொடையில் கோடு போட்டிருக்கும், அவ்வளவுதான். வரப்புகளுக்கு நடுவே காற்று தங்குகிறது. குளிர்நாட்டில் அது கதகதப்பு, நமக்கு அது புழுக்கம். ரெக்ஸின் போல முதுகில் ஒட்டிக்கொண்டு "போகாதே" என்று இழுக்காது என்பது ஆறுதல்.

பருத்தியா பாலியஸ்டரா என்று கேட்டு வாங்குங்கள். பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால் பருத்தியில் வியர்வை உறுத்தாது. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த உறை காய நாள் கணக்கில் ஆகும், பூஞ்சையும் பூக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும். வியர்வையை மட்டும் "உன் பாடு" என்று உங்களிடமே விட்டுவிடும். ஏசி உள்ள ஹாலுக்கு எதுவும் சரி. ஃபேன் மட்டும்தான் என்றால் பருத்தி கலந்ததைப் பாருங்கள்.

கடைக்காரர் சொல்வதில் சந்தேகமா? சாம்பிளில் ஒரு நூலை உருவி, தெருவுக்கு வந்து தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மிருதுவான சாம்பலும் வந்தால் பருத்தி. சுருங்கி உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். இந்தச் சோதனையைக் கடைக்குள்ளேயே செய்துவிட்டு என்மேல் பழி போடாதீர்கள்.

நாங்கள் பார்த்த சோபா தாழ்வாக, ஆழமாக, ரொம்ப ஸ்டைலாக இருக்கிறது. "லவுஞ்ச் மாடல் மேடம்" என்கிறார் கடைக்காரர். மாமியாருக்கு மூட்டுவலி. ஒத்துவருமா?
— நடுநிலை மருமகள், நங்கநல்லூர்

லவுஞ்ச் மாடல் என்றால், உட்கார ஒருவர், எழுப்ப இருவர்.

இந்தத் தாழ்ந்த கோலத்துக்கு ஒரு முன்னோடி 1973இல் பிரான்ஸில் பிறந்த 'டோகோ' சோபா. மிஷெல் டுகாரோய் வடிவமைத்தது. மரச்சட்டமே கிடையாது, முழுக்க ஃபோம். சரிந்து படுத்துப் புத்தகம் படிக்க அருமையான சோபா. காப்பி டம்ளரோடு நிமிர்ந்து உட்கார்ந்து சம்பந்தியிடம் பேச அது தோதுப்படாது.

டேப் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தரையிலிருந்து இருக்கை 17, 18 அங்குல உயரம், இருக்கையின் ஆழம் 20 முதல் 22 அங்குலம் என்றால் பெரும்பாலோருக்குச் சரிப்படும். 14 அங்குல உயரத்தில் 26 அங்குல ஆழம் என்றால் சங்கடம் ஆரம்பம். ஐந்தடி உயரமுள்ளவர் முதுகைச் சாய்த்தால் கால் தரையைத் தொடாது. காலை ஊன்றினால் முதுகு சாயாது. முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது சோபா விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பிறகு கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும்.

இந்தத் தேர்வை மாமியாரையே எழுதச் சொல்லுங்கள். அவரை அழைத்துப் போகாமல் வாங்கினால், அவருடைய மூட்டுவலிக்குக் காரணம் வயது இல்லை, நீங்கள்தான் என்பது ஒரே வாரத்தில் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"40 டென்சிட்டி ஃபோம் சார், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்கிறார்கள். உள்ளே இருப்பதை எப்படி நம்புவது?
— சந்தேகப் பிராணி, சங்ககிரி

தராசை நம்புங்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்கிற கணக்கு. 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 12.5 செ.மீ. கனமுள்ள குஷன் 40 டென்சிட்டி என்றால் 1.8 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.44 கிலோதான். ஜிப்பைத் திறந்து ஃபோமை மட்டும் வெளியே எடுத்து நிறுத்துப் பாருங்கள். தங்கத்தை நிறுத்து வாங்குகிற நாம் சோபாவை நிறுக்கக் கூச்சப்படக் கூடாது. மேலே ஃபைபர் அடுக்கு சேர்த்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஒரு விஷயம். டென்சிட்டி வேறு, கடினம் வேறு. உட்கார்ந்ததும் மெத்தென்று இருப்பதாலேயே மட்டமான ஃபோம் ஆகிவிடாது. டென்சிட்டி கூடினால் குழி விழ நாளாகும். அதோடு குஷனைத் தூக்கி அடியிலும் பாருங்கள். ஜிக்ஜாக் ஸ்பிரிங்கா, எலாஸ்டிக் பெல்ட்டா, வெறும் பிளைவுட்டா? பெல்ட் என்றால் கையால் அழுத்தும்போது விறைப்பாக இருக்க வேண்டும். இப்போதே தொளதொளவென்று இருந்தால் அடுத்த வருஷம் தொட்டில்.

புது சோபாவில் ஒரு குஷன் மட்டும் வேறு கலராகத் தெரிகிறது. பழைய துணியைப் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?
— ஏமாந்தவர் (அநேகமாக), ஏற்காடு

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். கார்டுராயின் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்ந்த பக்கமிருந்து பார்த்தால் ஒரு நிறம், எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு நிறம். அந்தக் குஷனை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். நிறம் ஒத்துப்போனால் டெலிவரிப் பையன் மாற்றி வைத்திருக்கிறான். திருப்பியும் ஒத்துப்போகவில்லை என்றால், தைத்தவர் துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டியிருக்கலாம். அப்போது சண்டைக்குப் போகலாம்.

வேலைத் திறமையைப் பார்க்க இன்னோர் இடம் உண்டு. முதுகுப் பகுதியில் இறங்கும் கோடு இருக்கையில் தொடர்ந்து, முன்பக்கம் மடிந்து கீழே இறங்கும் வரை ஒரே நேராக வருகிறதா என்று பாருங்கள். அப்படி வெட்டினால் துணி கூடுதலாகச் செலவாகும், பொறுமையும் செலவாகும். கோடு தப்பாத சோபாவைத் தைத்தவர், கண்ணுக்குத் தெரியாத தையலையும் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் போட்டிருப்பார்.

அப்பா உட்காரும் இடத்தில் மட்டும் வரப்பு படிந்து வழுக்கை விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?
— டிவி ரிமோட் கிடைக்காத மகன், திண்டுக்கல்

மயிர் படிந்திருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். படிந்ததுதான் என்றால் நிமிர்த்தலாம். ஸ்டீம் வருகிற இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் தள்ளிப் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். ஈரம் ஆறுவதற்குள் மென்மையான பிரஷால் தூக்கிவிடுங்கள். பெட்டியை வைத்துத் தேய்த்துவிட்டால் வரப்பு நிரந்தரமாகப் படுத்துவிடும். உதிர்ந்துபோய் அடித்துணி தெரிகிறது என்றால் வைத்தியம் இல்லை.

வாங்கும்போதே 'மார்ட்டிண்டேல்' எண் கேட்டிருக்கலாம். துணியை இயந்திரத்தில் உரசிப் பார்க்கும் சோதனை அது. தினமும் புழங்கும் ஹால் சோபாவுக்கு 20,000 முதல் 25,000 உரசல் தாங்கினால் நல்லது. மாதம் ஒருமுறை குஷன்களை இடம் மாற்றுங்கள். அப்பாவை இடம் மாற்றுவது நடக்கிற காரியமா?

தினசரி சுத்தம் எப்படி? வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு பூனை.
— மிக்சர் டப்பா உரிமையாளர், மன்னார்குடி

ஓமப்பொடிக்கும் கார்டுராய்க்கும் பூர்வஜென்ம பந்தம் இருக்க வேண்டும். கோட்டின் இடுக்கில் அளவெடுத்த மாதிரிப் போய்ப் படுத்துக்கொள்ளும். வேக்குவம் கிளீனரில் பிரஷ் முனையை மாட்டி, கோட்டின் போக்கிலேயே இழுங்கள். குறுக்கே இழுத்தால் தூள் ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்குக் குடிபோகும். முதலில் மயிருக்கு எதிர்த்திசையில் ஒரு தடவை, முடிக்கும்போது மயிரின் திசையில் ஒரு தடவை. தென்னந்துடைப்பம் வேண்டவே வேண்டாம். பூனை முடிக்கு, ரப்பர் கையுறையை லேசாக நனைத்துத் தடவுங்கள், சுருண்டு வரும். பூனையிடம் நகத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பலன் இருக்காது, ஆனாலும் பேசிப் பாருங்கள்.

க்ரீம் கலர் சோபாவில் சாம்பார் கொட்டிவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது!
— பதறிப்போனவர், பண்ருட்டி

சோபாவுக்கு ஆரத்தி எடுத்துவிட்டீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தட்டில் சிவக்கிற அதே ரசாயனம்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு காரம். தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் தொட்டு ஒற்றினால் பழையபடி மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்குப் பகை வெயில். உறையைக் கழற்ற முடியுமானால் சில மணி நேரம் வெயிலில் காட்டுங்கள், வெளுத்துவிடும். க்ரீம் கலருக்கு இது சரி. கரும்பச்சை, நீலத்தில் செய்தால் கறையோடு சோபாவும் வெளுக்கும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் உறையின் உள்ளே லேபிளைப் பாருங்கள். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் ஆகும். 'எஸ்' என்றால் தண்ணீர் ஆகாது, டிரை கிளீனிங் திரவம் மட்டும். 'எக்ஸ்' என்றால் வேக்குவம் தவிர எதுவும் ஆகாது. எக்ஸ் போட்ட சோபாவை சாம்பார் வைக்கிற வீட்டுக்கு விற்பதே பாவம். எது கொட்டினாலும் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. தேங்காய் எண்ணெயை விட முடியாது, சோபாவையும் விட முடியாது.
— இருதலைக் கொள்ளி, இரணியல்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே தலைவலி. ஆண்கள் மகாசர் எண்ணெயைத் தலையில் வழிய வழியப் பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்கள். வீட்டுப் பெண்கள் சாய்மானத்தின் மேல் லேஸ் துணி போட்டார்கள். நீங்களும் ஒரு துண்டு போடுங்கள், விக்டோரியா மகாராணி காலத்துப் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளலாம். இருக்கும் கறையின் மேல் டால்கம் பவுடரைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரஷால் தட்டி எடுங்கள். புதுக் கறை என்றால் ஒன்றிரண்டு தடவையில் நன்றாகவே குறையும்.

சோபாவோடு வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே கூடாது என்கிறார் என் கணவர். அது போனால் பெட்ஷீட் போடுவாராம்.
— கார்டுராயை இன்னும் தொட்டுப் பார்க்காதவர், காரைக்குடி

பிளாஸ்டிக்குக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் புழுங்கல் வாடையும் பூஞ்சையும் இலவசம். பெட்ஷீட் பரவாயில்லை, ஆனால் அதன்மேல்தான் காலம் முழுக்க உட்காரப் போகிறீர்கள் என்றால் கார்டுராய்க்கு எதற்குப் பணம்? விருந்தாளி வரும்போது மட்டும் விரிப்பை உருவுவது நம் ஊர் வழக்கம். அந்தக் கணக்கில் சோபா உங்களுடையது இல்லை, விருந்தாளியுடையது. தவணை மட்டும் உங்களுடையது.

இந்தத் துணிக்கு ரசிகர் மன்றம்கூட இருக்கிறதாமே?
— பொது அறிவுப் புலி, புதுக்கோட்டை

இருக்கிறது. 2005இல் நியூயார்க்கில் 'கார்டுராய் அப்ரிஷியேஷன் கிளப்' தொடங்கினார்கள். அவர்களுடைய திருநாள் நவம்பர் 11. 11/11 என்று எழுதிப் பாருங்கள், கார்டுராய்க் கோடு தெரியும். 2011ஆம் ஆண்டு 11/11/11 வந்தபோது அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. நமக்கு அந்த நாள் அடைமழைக் காலத்து நடுவில் வருகிறது. கொண்டாட நினைத்தால் சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக் காற்றோட விடுங்கள். கட்-அவுட், பாலாபிஷேகம் வேண்டாம். பால் கறை போவது கஷ்டம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வாங்கலாமா, கூடாதா?
— அவசரக்காரர், அரக்கோணம்

கழற்றக்கூடிய ஜிப் உறை, ரொம்பத் தடிக்காத வரப்பு, கடுகு, பாசி, காப்பி மாதிரிக் கறை காட்டாத நிறம், 22 அங்குலத்துக்கு மிகாத ஆழம், வாரம் ஐந்து நிமிடம் பிரஷ் பிடிக்க ஒரு கை. இத்தனையும் அமைந்தால் வாங்குங்கள், சுகமான சோபா. க்ரீம் கலர், ஜிப் இல்லை, வீட்டில் கைக்குழந்தை என்றால் அடுத்த கடை.

கடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் மரியாதைக்கு டீ வரவழைப்பார். அதை அந்த சோபாவிலேயே உட்கார்ந்து, டம்ளரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக் குடியுங்கள். "கறையே ஒட்டாது சார்" என்று சொன்ன மனிதர் டிஷ்யூ பேப்பரோடு ஓடி வந்தால், பராமரிப்பு பற்றி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறெதுவும் இல்லை.