படகை விழுங்கியது எது?

கேள்வி: இங்கிலாந்தில் குதிரை இழுத்த கால்வாய்ப் படகுகளை ரயில் ஒழித்தது. நம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயில் வள்ளங்களை ஒழித்தது எது? – வாசகர், குளச்சல்

பதில்: ரயில் மேல் பழி போட முடியாது, நாகர்கோவிலுக்கு அது வந்ததே 1979-ல்தான்!

1860-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் தொடங்கிய கால்வாய் இது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைப்பதே திட்டம். பூவாறு தொட்டு மண்டைக்காடு வரை வந்தது. குமரிமுனையைத் தொடவே இல்லை. பிறகு, சரக்கை லாரி கொண்டுபோனது. ஆழத்தை மணல் கொண்டுபோனது. அகலத்தை ஆக்கிரமிப்பு கொண்டுபோனது. மிச்சமிருந்த இடத்தில் குப்பையைக் கொட்டியவர்கள் நாம்தான்.

வள்ளம் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, தூர்வாரினால் மழைத்தண்ணீராவது போய்ச்சேரும். வெள்ளத்துக்கு நாம் வழிவிடாவிட்டால், அது நம் வீட்டுக்குள் வழி தேடும்.