கூட்டத்துக்குப் போற தம்பிக்கு

கல்விச் சீர்திருத்தக் கூட்டத்தில பேசப் போறியாம், தம்பி. கக்கத்தில என்ன, புள்ளிவிபரமோ? குறிகட்டுவான் இறங்குதுறையில கச்சான் சுத்தக் குடுத்திட்டு, கதையொண்டு கொண்டு போ.

சிரியாதை. 1970 இல, பல்கலைக்கழக அனுமதிச் சோதினையில தமிழ்ப் பரிசோதகர்மார் தமிழ்ப் பிள்ளையளுக்குப் புள்ளியை அள்ளிப் போட்டவையெண்டு தெற்கில ஒரு கதை கிளம்பிச்சுது. நிரூபிக்க ஒருத்தராலயும் ஏலேல்லை. நல்ல கதைக்குச் சாட்சி எதுக்கு? 1971 இல மருத்துவம் படிக்க 400 இல சிங்களப் பிள்ளைக்கு 229 காணும், தமிழ்ப் பிள்ளைக்கு 250 வேணுமெண்டு ஆச்சு. ஒரு வதந்தி, 21 புள்ளி.

அதுக்காக மற்றாக்களை மட்டும் ஏசிப்போட்டு வராதை. எங்கட ஆக்கள் என்ன லேசுப்பட்டவையோ? 'யாழ்ப்பாணத்தான் எண்டால் படிப்பு' எண்டு சொல்லிச் சொல்லியே மீசையை முறுக்கினம். 1974 இல பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா வந்துது. இண்டைக்கும் மருத்துவம், பொறியியலுக்கு 55 வீத இடம் மாவட்டச் சனத்தொகையைப் பார்த்துத்தான். நெடுந்தீவுப் பெட்டைக்கும் நல்லூர்ப் பெட்டைக்கும் ஒரே மாவட்டம், ஒரே இசட் வெட்டுப்புள்ளி. நல்லூராளுக்கு ஒழுங்கைக்கொரு ரியூசன். நெடுந்தீவாளுக்கு இரசாயனவியல் வாத்தியார் கிடைச்சால், மனுசன் காலமை வள்ளத்தில வந்து, பின்னேர வள்ளம் விட்டிடுமெண்டு மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துச் சமன்பாடு எழுதுவார். கடல் கொந்தளிச்சால் அதுவும் இல்லை. கொழும்பில கோப்பைத் திறக்கிறவருக்கு ரெண்டு பேரும் 'யாழ்ப்பாணம்'. அப்பிடிச் சொல்லிக் குடுத்தது ஆர்? நாங்கள்தான்.

இன்னுமொண்டு. ஆரேன் பெரியவர் எழும்பி, தான் தெருவிளக்கில படிச்சு டொக்டரான கதையைச் சொல்லுவார். சொல்லியே தீருவார். சனம் கைதட்டும், பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுகூடம் எதுக்கெண்டு அந்தக் கைதட்டிலயே முடிவாகிடும். நீயும் தட்டு. தட்டிப்போட்டு, "ஐயா, உங்களோட அந்த விளக்கடியில இருந்த மற்றப் பெடியள் இப்ப எங்கை?" எண்டு மரியாதையாய்க் கேள். எங்கட தீவில தெருவிளக்கு எங்கையெண்டு பிறகு கேக்கலாம்.

நீ அந்த நெடுந்தீவுப் பெட்டையின்ர கதையைச் சொல்லு. அழப்பண்ணிப் போடாதை, அழுதால் ஆளுக்கொரு கொப்பி வாங்கிக் குடுத்து, படமும் எடுத்துக்கொண்டு போயிடுவினம். சிரிக்கப்பண்ணு. வாத்தியாரின்ர மணிக்கூட்டுக்குச் சிரிச்சுக்கொண்டு இருக்கேக்க, வெத்திலைக்குள்ள பாக்கை வைக்கிற மாதிரி அந்த 55 வீதத்தை உள்ளுக்கு வை. அதிகாரி பேனையைத் திறந்தால், வாயை மூடு.

அதுக்குள்ள கனடாவில இருந்து வந்த சித்தப்பா ஒராள் எழும்பி, 'எங்கட காலத்தில' எண்டு தொடங்கினால், இனி ஒண்டும் நடவாது. வடைத் தட்டுக்குக் கிட்டப் போய் இரு.