எட்ட இருந்து ஓர் ஆட்டம்

கேள்வி: கன்சோல் வாங்காமல் இன்டர்நெட் வழியாகவே வீடியோ கேம் ஆடுவது லாபம்தானே?

பதில்: பெட்டிச் செலவு மிச்சம், டவுன்லோடுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். லாபம்தான். 'நெட்ஃப்ளிக்ஸ் ஓடுகிறதே, கேம் ஓடாதா?' என்பீர்கள். சினிமாவின் அடுத்த காட்சி தயாராக இருக்கிறது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். விளையாட்டின் அடுத்த காட்சியோ உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. பொத்தானை அழுத்திய சேதி தொலைவிலுள்ள சர்வருக்குப் போய், படமாகத் திரும்பவேண்டும். கூடுதல் எம்பிபிஎஸ் வேகம் படத்தைத் தெளிவாக்கும், தூரத்தைக் குறைக்காது. எதிராளி சுட்ட பிறகு குனிவதில் என்ன வீரம்? செஸ் போன்ற நிதான ஆட்டங்களுக்கு இந்தத் தாமதம் பொருட்டல்ல, உண்மை. ஆனால், வாங்கிய கேம் உங்கள் உடைமையா? 2019-இல் வந்த கூகுள் ஸ்டேடியா என்ற இணையவழி கேம் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கிய கேம்களுக்குப் பணம் திரும்பியது. எல்லாரும் அப்படித் தருவார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே, சந்தா கட்டி ஆடுங்கள். முழு விலை கொடுக்காதீர்கள். வாடகை வீட்டுக்கு யாரும் கிரயத் தொகை கொடுப்பதில்லையே!